ஸ்கூல் பாண்ட்: ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி அது என்னன்னு பாத்துடலாம்

நான் இருக்கறது கலிஃபோர்னியாவுல, பே ஏரியா பக்கம். நம்மாளுங்க நிறைய பேர் வீடு வாங்கி செட்டில் ஆன இடம். நவம்பர் எலக்‌ஷன் நெருங்கினா போதும், பாட்லக்ல, அதாவது ஆளுக்கு ஒரு அயிட்டம் எடுத்துட்டு வர்ற விருந்துல, பிரியாணி தட்டை கையில வச்சுட்டு நிக்கறப்போ ஸ்கூல் பாண்ட் பேச்சு வந்துடும். "ஏற்கனவே இவ்ளோ டாக்ஸ் கட்றோமே, அதெல்லாம் எங்க போகுது?"ம்பார் ஒருத்தர். "டீச்சர்ஸுக்கு சம்பளம் ஏத்தறதுக்குத்தான் கேக்கறாங்க"ம்பார் இன்னொருத்தர். மூணாவதா ஒருத்தர் வந்து "லாட்டரி காசு பூரா ஸ்கூலுக்குத்தானே போகுது, அதுல கட்ட வேண்டியதுதானே"ன்னு முடிச்சு வச்சுடுவார். முதல் ஆள் கேட்டது நியாயமான கேள்வி, மத்த ரெண்டும் தப்பு. நானும் பல வருஷம் இப்படித்தான் அரைகுறையா பேசிட்டு இருந்தேன், சொந்தமா ஒரு ப்ராபர்ட்டி டாக்ஸ் பில் கைக்கு வந்தப்புறம்தான் உக்காந்து படிச்சேன்.

ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் ரூல்ஸ் வேற, நான் சொல்லப்போறது கலிஃபோர்னியா கதை.

கடன்தான், வேற ஒண்ணுமில்ல

சென்னையில ஒரு பழைய ஃபிளாட்னு வச்சுக்கங்க. மாசாமாசம் மெயின்டனன்ஸ் குடுக்கறோம். வாட்ச்மேன் சம்பளம், காமன் லைட் கரன்ட் பில், தண்ணி லாரி எல்லாம் அதுலயே போயிடும். திடீர்னு ஒரு நாள் லிஃப்ட் போச்சு, மொத்தமா மாத்தணும்னா அந்த மெயின்டனன்ஸ் காசு எப்படிப் பத்தும்? அசோசியேஷன் மீட்டிங் போட்டு, ஒரு பெரிய தொகையை எங்கயாவது புரட்டி, அதை எல்லா வீட்டுக்கும் பிரிச்சு வருஷக்கணக்குல கட்டலாமான்னு கையெழுத்து வாங்குவாங்க.

ஸ்கூல் பாண்டும் அதேதான். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்னா அந்த ஊரு பப்ளிக் ஸ்கூலையெல்லாம் நடத்தற அமைப்பு, அது தான் அசோசியேஷன். பாண்ட்ங்கறது அந்த டிஸ்ட்ரிக்ட் எழுதிக் குடுக்கற கடன் பத்திரம். ஃபண்ட் கம்பெனி, பேங்க், இன்சூரன்ஸ் கம்பெனி மாதிரி முதலீடு பண்றவங்க அதை வாங்கிட்டு காசு குடுக்கறாங்க, டிஸ்ட்ரிக்ட் கட்டடம் கட்டுது, அப்புறம் 25, 30 வருஷத்துக்கு அசலும் வட்டியும் போயிட்டே இருக்கும். அந்த தவணையைக் கட்றது டிஸ்ட்ரிக்ட்ல வீடு, கடை, நிலம் வச்சிருக்கறவங்க, ப்ராபர்ட்டி டாக்ஸோட சேத்து. வீட்டு மேல வர்ற வரியையே நம்பி கடன் குடுக்கறதாலயும், வட்டிக்கு பெரும்பாலும் ஃபெடரல் இன்கம் டாக்ஸ் கிடையாதுங்கறதாலயும் வட்டி விகிதம் கொஞ்சம் கம்மியாவே இருக்கும்.

அதனால நீங்க போடற ஓட்டு "ஸ்கூல் நல்லா இருக்கணுமா வேண்டாமா"ங்கற கேள்விக்கு இல்ல. ஜாமீன் கையெழுத்து போடுவீங்களான்னு கேக்கறாங்க.

சம்பளம் ஒரு பை, சுவர் இன்னொரு பை

டீச்சர் சம்பளம், பஸ், புக்கு, கரன்ட் பில் எல்லாம் வருஷ பட்ஜெட்ல இருந்து வருது, அதுல பெரும்பகுதி ஸ்டேட் ஃபண்டிங் கணக்குப்படி வர்றது. பாண்ட் காசை அந்தப் பக்கம் திருப்பவே முடியாது, இப்ப பெரும்பாலான பாண்டுங்க வர்ற ரூல்படி டீச்சர் சம்பளத்துக்கோ அன்றாடச் செலவுக்கோ பத்து காசு எடுக்கக்கூடாதுன்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. டீச்சருக்கு சம்பளம் குடுக்கணும்னு ஊர்க்காரங்ககிட்ட கேக்கறதுக்கு வேற ஒண்ணு இருக்கு, பார்சல் டாக்ஸ்னு பேரு. ஒவ்வொரு நிலத் துண்டுக்கும் இவ்வளவுன்னு போடற வரி அது, பாஸாக பொதுவா மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். ரெண்டும் ஒரே ஓட்டுச்சீட்டுல 'மெஷர்'னு ஏதோ ஒரு எழுத்தோட வர்றதால ஜனங்க குழம்பிடறாங்க. மெஷர்னா உள்ளூர் விஷயத்துக்கு வர்ற 'ஆமா - இல்ல' கேள்வி, அவ்ளோதான், எழுத்துக்கு அர்த்தமெல்லாம் கிடையாது.

லாட்டரி சங்கதி இன்னும் வேடிக்கை. 1984ல ஓட்டுப் போட்டு கொண்டு வந்தாங்க, ஸ்கூலுக்குக் காசு போறது உண்மைதான், ஆனா மொத்த ஸ்கூல் செலவுல அது ரொம்பச் சின்ன பங்கு. அதைவிட முக்கியம், அந்தக் காசுல கட்டடம் கட்டக்கூடாது, நிலம் வாங்கக்கூடாதுன்னு அந்தச் சட்டத்துலயே இருக்கு. பிரியாணி தட்டோட நின்ன அந்த மூணாவது ஆளுகிட்ட இதைச் சொன்னப்போ அவர் ரைத்தா எடுக்கப் போயிட்டார்.

சுருக்கமா: பாண்டுனா கடன். அந்தக் கடன் சுவர், கூரை, பைப்பு, உள்ள வைக்கற சாமான் மாதிரி விஷயத்துக்கு மட்டும். சம்பளத்துக்கு இல்ல.

பழைய கட்டடத்தை மாத்த ஏன் இவ்ளோ செலவு

என் பொண்ணு ரெண்டாங்கிளாஸ் படிச்சது ஒரு போர்ட்டபிள்ல. போர்ட்டபிள்னா லாரில கொண்டு வந்து இறக்கற ரெடிமேட் கிளாஸ்ரூம். தற்காலிகம்னு சொல்லி வைப்பாங்க, அப்புறம் அது பாட்டுக்கு இருபது முப்பது வருஷம் நின்னுடும். பேரன்ட் டீச்சர் மீட்டிங்குக்கு ஏறிப் போனேன், மரப்பலகை ராம்ப் ஒவ்வொரு அடிக்கும் டொம் டொம்னு சத்தம், சுவத்துல மாட்டியிருந்த ஏசி ஓடறப்போ டீச்சர் பேசறது கேக்கல, அவங்க எழுந்து போய் ஏசியை ஆஃப் பண்ணிட்டு வந்து உக்காந்து பேசினாங்க, பத்து நிமிஷத்துல வேர்க்க ஆரம்பிச்சதும் மறுபடி போய் ஆன் பண்ணாங்க. அன்னிக்கு நாங்க பேசினதுல பாதி சைகைதான். தினமும் அப்படித்தான் பாடம் நடக்குதாம், சத்தமா வேர்வையான்னு ஏதோ ஒண்ணைத் தேர்ந்தெடுத்துட்டு.

சரி, இடிச்சுட்டுக் கட்ட வேண்டியதுதானேன்னு தோணும். இங்கதான் 1933 வருது. அந்த வருஷம் மார்ச் 10, சாயங்காலம் 5:54க்கு லாங் பீச்ல பூகம்பம். நூத்துப் பதினஞ்சு பேருக்கு மேல செத்தாங்க. சுமார் 70 ஸ்கூல் கட்டடம் தரைமட்டம், இன்னும் நூத்துக்கு மேல படுமோசமா சேதம். ஸ்கூல் விட்டு பசங்க வீட்டுக்குப் போயிருந்த நேரம், இதே ரெண்டு மணிக்கு வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சே ஜனங்க ஆடிப் போயிட்டாங்க. ஒரே மாசத்துல ஃபீல்டு ஆக்ட்னு ஒரு சட்டம் வந்துச்சு. அன்னிலேர்ந்து பப்ளிக் ஸ்கூல் கட்டடத்தோட பிளானை ஸ்டேட் ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் பாத்து ஓகே பண்ணணும், வேலை நடக்கறப்போ சைட்லயே ஒரு இன்ஸ்பெக்டர் இருக்கணும். பக்கத்துல கட்ற ஆபீஸ் பில்டிங்கோட ரேட்டை வச்சு ஸ்கூலுக்கு கணக்குப் போட்டா எகிறறதுக்கு இது ஒரு காரணம். ரெண்டாவது, 50, 60கள்ல கட்டின கட்டடத்துல சுவத்தைத் தட்டினா ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், பெயின்ட்ல ஈயம் இருக்கும், அதையெல்லாம் பத்திரமா எடுக்கவே தனி ஆள். மூணாவது, பசங்க உள்ள இருக்கறப்போவே கட்டணும், அதனால பெரிய வேலையை சம்மர் லீவுல அடைக்கணும், இல்லன்னா வேலை முடியற வரைக்கும் பசங்களைக் கொண்டு போய் வைக்க இன்னும் நாலு போர்ட்டபிள் கொண்டு வரணும்!

பொறுப்பில்லாம செலவு பண்ற டிஸ்ட்ரிக்ட் இல்லவே இல்லைன்னு சொல்ல வரல. ஆனா "ஒரு கிளாஸ்ரூமுக்கா இவ்ளோ"ன்னு கேக்கறப்போ இந்த மூணையும் கழிச்சுட்டுக் கேக்கணும்.

55 சதவீதம் எங்கேருந்து வந்துச்சு

1978ல ப்ராப் 13 வந்துச்சு. ப்ராப்னா ஸ்டேட் முழுக்க ஜனங்க நேரடியா ஓட்டுப் போட்டு முடிவு பண்ற சட்டம். அது ப்ராபர்ட்டி டாக்ஸை சொத்து மதிப்புல 1 சதவீதம்னு கட்டிப் போட்டுச்சு. அதுக்கு மேல புதுக் கடனுக்கு வரி போட வழியே இல்லாம சுமார் எட்டு வருஷம் ஓடுச்சு. 1986ல ப்ராப் 46 வந்து, மூணுல ரெண்டு பங்கு ஜனங்க ஓகே சொன்னா பாண்ட் போடலாம்னு கதவைத் திறந்துச்சு. ஆனா மூணுல ரெண்டுங்கறது சாதாரண விஷயமா? 64 சதவீதம் பேர் ஆமான்னு சொல்லியும் தோத்துப் போகும். 2000 மார்ச்ல பாதிக்கு மேல வந்தா போதும்னு மாத்தப் பாத்தாங்க, ஜனங்க ஒத்துக்கல. அதே வருஷம் நவம்பர்ல 55 சதவீதம்னு நடுவுல ஒரு கோடு போட்டு ப்ராப் 39 கொண்டு வந்தாங்க, பாஸ் ஆயிடுச்சு.

சலுகை சும்மா வரல, கண்டிஷனோட வந்துச்சு. எந்தெந்த வேலைன்னு லிஸ்ட் முன்னாடியே குடுக்கணும், வருஷா வருஷம் ஆடிட், சம்பளத்துக்குத் தொடக்கூடாது, அப்புறம் ஊர்க்காரங்க கமிட்டி ஒண்ணு வேணும். வரிக்கும் ஒரு உச்சவரம்பு. இப்ப வர்ற பாண்டுல பெரும்பாலும் இந்த ரூட்தான்.

ஒரு தமாஷ் சொல்லியே ஆகணும். 2020 மார்ச்ல ஸ்டேட் அளவுல 15 பில்லியன் டாலருக்கு ஸ்கூல் பாண்ட் ஒண்ணு வந்துச்சு. வரிசைப்படி அதுக்கு விழுந்த நம்பர் 13! அந்தப் பழைய ப்ராப் 13ல கை வைக்கறாங்கன்னு நிறைய பேர் பயந்துட்டாங்கன்னு அப்பவே பேச்சு. தோத்துடுச்சு. அது மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது, ஆனா ராசியில்லாத நம்பர்னு சொன்னா நம்ம ஊர்க்காரங்க ஒத்துப்பாங்க.

என் பில்லுல எவ்ளோ வரும்

இதுதான் எல்லாருக்கும் வேணும், இதுலதான் நிறைய தப்புக் கணக்கும். ஓட்டுச்சீட்டுல "1 லட்சம் டாலர் அசெஸ்டு வேல்யூவுக்கு இவ்ளோ டாலர்"னு போட்டிருக்கும். அசெஸ்டு வேல்யூன்னா கவுன்ட்டி புக்குல உங்க வீட்டுக்கு இருக்கற மதிப்பு, ஆன்லைன்ல காட்டற மார்க்கெட் விலை இல்ல. ப்ராப் 13படி, நீங்க வாங்கின விலைதான் ஆரம்பம், அதுலேர்ந்து வருஷத்துக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் ஏத்தலாம்.

எங்க தெருவுல ரெண்டு வீடு தள்ளி ஒரு அண்ணன் இருக்கார், 1996ல இரண்டரை லட்சம் டாலருக்கு வாங்கினவர். 28 வருஷம் 2 சதவீதம் ஏறினாக்கூட புக்குல அவர் வீடு சுமார் 4 லட்சத்து 35 ஆயிரம்தான். நான் வாங்கினது 2021ல, என் பில்லுல 17 லட்சம்னு நிக்குது. ரெண்டும் ஒரே பில்டர் கட்டின அதே பிளான் வீடு, அவர் வீட்டுக் கொல்லையில எலுமிச்சை மரம் ஒண்ணு எக்ஸ்ட்ரா. கிண்டர்கார்டன்லேர்ந்து பன்னெண்டாங்கிளாஸ் வரைக்கும் நடத்தற டிஸ்ட்ரிக்டை யூனிஃபைடுன்னு சொல்வாங்க, அதுக்கு 55 சதவீத ரூட்ல உச்சவரம்பு ஒரு லட்சத்துக்கு 60 டாலர். அந்த முழு 60ஐயும் போட்டாங்கன்னு வச்சுக்கங்க, அண்ணனுக்கு வருஷத்துக்கு 261 டாலர், எனக்கு 1,020. நான் போய் புலம்பினப்போ அவர் சிரிச்சுட்டே, "தம்பி, நான் வாங்கினப்போ இந்த ஊர்ல தோசை மாவு கிடைக்காது, அந்தக் கஷ்டத்துக்கு இது டிஸ்கவுன்ட்"ன்னார்.

அந்த 60 ஒரு எலக்‌ஷன்ல பாஸான ஒரு பாண்டுக்குத்தான், எல்லாப் பாண்டுக்கும் சேத்து இல்ல. 2014ல ஒண்ணு, 2024ல ஒண்ணுன்னு பாஸானா ரெண்டும் அடுக்கா பில்லுல ஏறும். அக்டோபர்ல பில் வந்ததும் கீழ இருக்கற தொகையை மட்டும் பாத்துட்டு மடிச்சு வைக்காதீங்க. எங்க அலமேடா கவுன்ட்டி பில்லுல முதல் வரி அந்த 1 சதவீதம், அதுக்குக் கீழ ஓட்டுப் போட்டு ஒத்துக்கிட்ட கடனுங்க வரிசையா இருக்கும். ஸ்கூல் யூனிஃபைடு தனி வரி, கம்யூனிட்டி காலேஜ் தனி வரி, பார்ட் ரயிலு தனி. பார்சல் டாக்ஸ் இன்னொரு பெட்டியில. "எங்க போகுது"ன்னு கேட்ட அந்த முதல் ஆளுக்குப் பதில் அந்தப் பேப்பர்லயே இருக்கு.

வாடகைக்கு இருக்கறவங்க நேரடியா கட்டறதில்ல, ஆனா சிட்டிசனா இருந்தா ஓட்டு உண்டு. விசாவுலயோ கிரீன் கார்டுலயோ இருந்துட்டு வீடு வாங்கினவங்களுக்கு நேர் எதிர், கட்டணும், ஓட்டு கிடையாது. நம்மாளுங்கள்ல பாதிப் பேர் பல வருஷம் அந்தக் கோஷ்டிதான்.

இதுவரைக்கும் வந்தது: வரி மார்க்கெட் விலைக்கு இல்ல, புக்கு விலைக்கு. புதுசா வாங்கினவருக்கு ஜாஸ்தி. ஒவ்வொரு பாண்டும் தனித்தனி அடுக்கு.

நோட்டீஸ்ல எழுதற தொகை வேற, கட்டற தொகை வேற

ஹோம் லோன் வாங்கினவங்களுக்கு இது சொல்லிப் புரிய வேண்டியதில்ல. 100 மில்லியன், அதாவது பத்து கோடி டாலர், 4 சதவீத வட்டி, 30 வருஷம், சமமான தவணைன்னா மொத்தமா கட்றது சுமார் 173 மில்லியன். பிரச்சாரத்துல 100தான் பேசுவாங்க.

இதுலயே விபரீதமான வகை ஒண்ணு இருந்துச்சு, கேபிடல் அப்ரிசியேஷன் பாண்ட்னு பேரு. இப்போதைக்கு தவணையே கட்ட வேண்டாம், வட்டி அசலோட சேந்துட்டே போகும், கடைசியில மொத்தமா கட்டலாம். நகையை அடகு வச்சுட்டு வட்டியும் கட்டாம விட்டா என்ன ஆகும்னு நம்ம வீடுங்கள்ல பாட்டிக்கே தெரியும். சான் டியாகோ பக்கம் போவே யூனிஃபைடு டிஸ்ட்ரிக்ட் 2011ல இப்படி சுமார் 105 மில்லியன் வாங்குச்சு. திருப்பிக் கட்ட வேண்டியது கிட்டத்தட்ட ஒரு பில்லியன், ஒன்பது மடங்குக்கு மேல! முதல் இருபது வருஷத்துக்கு ஒண்ணும் கட்ட வேண்டாம், அதுக்கப்புறம்தான் ஆரம்பம். அதாவது அன்னிக்கு ஓட்டுப் போட்டவங்க வரி ஏறக்கூடாதுங்கறதுக்காக, அப்போ ஒண்ணாங்கிளாஸ்ல இருந்த பசங்க தலையில கட்டினாங்க, அவங்க கட்ட ஆரம்பிக்கறப்போ அந்தக் கட்டடமே பழசாயிருக்கும். விஷயம் 2012ல வெளிய வந்து நாறினதுக்கப்புறம், 2013ல ஸ்டேட் ஒரு சட்டம் போட்டுச்சு: வாங்கினதுக்கு நாலு மடங்குக்கு மேல போகக்கூடாது, இந்த வகைக்கு 25 வருஷம்தான். நாலு மடங்கே எனக்கு அநியாயமாத்தான் தெரியுது.

என்னைக் கேட்டா பாண்ட்ல பாக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். வாங்கற பொருள் எத்தனை வருஷம் உழைக்கும், கடன் எத்தனை வருஷம் ஓடும்? ஐம்பது வருஷம் நிக்கற கட்டடத்துக்கு 30 வருஷக் கடன் வாங்கினா யாரும் குறை சொல்ல முடியாது, இன்னிக்குப் பொறக்கற குழந்தையும் அதுல படிக்கும், அதோட அப்பா அம்மாவும் கட்டட்டும். நாலு வருஷத்துல தூக்கிப் போடற லேப்டாப்பை 30 வருஷக் கடன்ல வாங்கினா அது பைத்தியக்காரத்தனம்.

"டாக்ஸ் ரேட் ஏறாது"ன்னு சொன்னா

இந்த வாக்கியம் பிரச்சார நோட்டீஸ்ல அடிக்கடி வரும். பொய்யின்னு சொல்ல முடியாது, முழு உண்மையும் இல்ல. கார் லோன் முடியப் போகுது, மாசம் 500 டாலர் மிச்சமாகும். அந்த மாசமே இன்னொரு கார் எடுத்தா இஎம்ஐ அதே 500தான், ஏறல. ஆனா எடுக்காம இருந்திருந்தா பூஜ்யம் ஆயிருக்கும்ல? பழைய பாண்ட் முடிய முடிய புதுசை சொருகினா ரேட் அப்படியே நிக்கும். டெக்சாஸ்ல இதுக்கு நேர் எதிர்த் திசையில போயிட்டாங்க, 2019லேர்ந்து ஸ்கூல் பாண்ட் ஓட்டுச்சீட்டுல "இது ப்ராபர்ட்டி டாக்ஸ் உயர்வு"ன்னு பெரிய எழுத்துல போட்டே ஆகணும், ரேட் ஏறலன்னாலும். அங்க பயமுறுத்தறாங்க, இங்க தடவிக் குடுக்கறாங்க.

காசு எப்போ வருது, யாரு பாக்கறா

2014ல ஃப்ரீமாண்ட்ல 650 மில்லியனுக்கு மெஷர் இ பாஸாச்சு. லாஸ் ஏஞ்சலஸ்ல 2024ல 9 பில்லியனுக்கு. இந்த நம்பரைக் கேட்டுட்டு மறுநாளே அவ்ளோ காசும் பேங்க்ல வந்து விழுந்துடும்னு நினைக்கறாங்க. ஓட்டுல கிடைக்கறது கடன் வாங்கற அனுமதி. வேலை நடக்க நடக்க, சீரிஸ் சீரிஸா பிரிச்சு பல வருஷம் பாண்டை விப்பாங்க. அதனாலதான் பாஸான மூணாவது வருஷமும் உங்க ஸ்கூல்ல ஒரு கல்லு நகராம இருக்கலாம்.

லோக்கல் பாண்ட் பாஸானா ஸ்டேட்டும் ஒரு பங்கு போட வாய்ப்பிருக்கு, அதை மேட்ச்சிங்ம்பாங்க. பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கற வேலைக்கு ரொம்ப நாளா ஸ்டேட் 60, லோக்கல் 40ன்னு இருந்துச்சு, 2024ல 10 பில்லியனுக்கு ப்ராப் 2 பாஸானப்போ வசதி கம்மியான டிஸ்ட்ரிக்டுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டினாங்க. ஆனா நம்ம 40ஐ எடுத்து வச்சாத்தான் அவங்க 60 வரும். வீடு விலை ஜாஸ்தியா இருக்கற ஊரு சுலபமா புரட்டிடும், ஏழை ஊரு எவ்ளோ வரி போட்டாலும் கொஞ்சம்தான் தேறும், அந்தப் பழைய கோளாறு முழுசா சரியாகல.

கண்காணிக்க ஓவர்சைட் கமிட்டி இருக்கு, குறைஞ்சது ஏழு பேர். ஒரு பேரன்ட், ஒரு சீனியர் சிட்டிசன் அமைப்புக்காரர், வரி கட்றவங்க சங்கத்து ஆளு ஒருத்தர், இப்படி. டிஸ்ட்ரிக்ட் ஸ்டாஃபும் கான்ட்ராக்டரும் இருக்கக்கூடாது. செலவானதுக்கு அப்புறம்தான் பாப்பாங்க, எந்த ஸ்கூலை முதல்ல கட்றதுன்னு முடிவு பண்ற அதிகாரம் கிடையாது, அது ஸ்கூல் போர்டு கையில. மீட்டிங் எல்லாருக்கும் பொது, ஓட்டு இல்லாதவங்களும் போய் உக்காரலாம், பேசலாம். நான் ஒரு தடவை எங்க ஊர்ல போனேன், மேஜைக்கு அந்தப் பக்கம் கமிட்டி ஆறு பேர், இந்தப் பக்கம் நான் ஒருத்தன், பிஸ்கட் தட்டு முழுசா இருந்துச்சு.

ஓட்டுச்சீட்டுல இருக்கற அந்த 75 வார்த்தை

ஓட்டுச்சீட்டுல கேள்வியை 75 வார்த்தைக்குள்ள அடக்கணும். கூரை ஒழுகறது, பாதுகாப்பு, சயின்ஸ் லேப்னு மனசு கரையற வார்த்தைங்களை முன்னாடி அடுக்கிடுவாங்க, தொகை, ரேட், எத்தனை வருஷம்ங்கறது பெரும்பாலும் பின்னாடி நெருக்கியடிச்சு நிக்கும், அதனால கடைசியிலேர்ந்து படிங்க. தபால்ல வர்ற வோட்டர் கைடுல டாக்ஸ் ரேட் ஸ்டேட்மென்ட்னு ஒரு பக்கம் இருக்கும், வட்டியோட சேத்து மொத்தம் எவ்ளோ ஆகும்ங்கற மதிப்பீடு அங்க இருக்கும். அதை ஓட்டுச்சீட்டுல இருக்கற தொகையால வகுத்துப் பாருங்க, ரெண்டுக்குள்ள வந்தா சாதாரண ஹோம் லோன் மாதிரி, மூணைத் தாண்டினா ஏன்னு கேக்கணும். அப்புறம் வேலை லிஸ்ட். அதுல உங்க பக்கத்து ஸ்கூல் பேரும் "கிளாஸ்ரூம் மாற்றம்"னு தெளிவாவும் இருக்கா, இல்ல "ஏதாவது ஒண்ணு அல்லது எல்லாம்"னு பூசி மெழுகியிருக்காங்களான்னு பாருங்க.

போன தடவை நான் இந்தக் கணக்கையெல்லாம் ஒரு பேப்பர்ல போட்டு எடுத்துட்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் கண்ணாடி போட்டுப் பாத்தார், தன்னோட 261ஐ ஒரு தடவை, என்னோட 1,020ஐ ஒரு தடவை. "எனக்குப் பேரன் பேத்தி எல்லாம் டெக்சாஸ்ல, இந்த ஸ்கூல்ல படிக்க யாருமில்ல"ன்னார். சரி, இவர் இல்லன்னுதான் போடப் போறார்னு நினைச்சேன். பேப்பரைத் திருப்பிக் குடுத்துட்டு, "ஆமா, உன் பொண்ணு கிளாஸ்ல அந்த ஏசி இன்னும் கத்துதா?"ன்னு கேட்டார்.